பத்திரிகைச் சுதந்திரம் யாருடைய உரிமை? ஒரு தொழிற்சங்கக் கிளையை முன்வைத்து

2020 அக்டோபர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. மனுதாரர் ஒரு பத்திரிகை நிறுவனம் அன்று; குடும்பத்தினரும் அல்லர். கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம் என்னும் தொழிற்சங்கமே மனுதாரர். அதற்கு முந்தைய நாள், ஹாத்ரஸில் தலித் இளம்பெண் ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாகி இறந்த கொடுமை குறித்துச் செய்தி சேகரிக்கச் சென்றபோது, மதுரா அருகே சுங்கச்சாவடியில் உத்தரப் பிரதேசக் காவல்துறையினர் சித்திக் காப்பனையும் அவருடன் காரில் இருந்த மூவரையும் பிடித்தனர். காப்பன் அச்சங்கத்தின் தில்லிக் கிளைச் செயலாளர். ‘அழிமுகம்’ என்ற மலையாள இணையச் செய்தித்தளத்திற்கு எழுதிவந்தவர். கைது நிகழ்ந்த மறுநாளே சங்கம் நீதிமன்றப் படியேறியது.

காப்பன் வழக்கைப் பற்றிப் பின்னர் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் (ஊபா) கடுமை, பிணை மறுப்பின் அரசியல், சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் எதிர்கொள்ளும் ஐயப்பார்வை ஆகிய மூன்றும் விவாதிக்கப்பட்டன, விவாதிக்கப்பட வேண்டியவையும்தான். ஆனால் வழக்கின் முதல் சில வாரங்களில் எழுந்த இன்னொரு கேள்வி போதிய கவனத்தைப் பெறவில்லை. ஒரு பத்திரிகையாளர் சிறைப்படும்போது அவருக்காக நீதிமன்றத்தில் வந்து நிற்கும் தகுதி யாருக்கு உண்டு?

சங்கத்திற்கு அத்தகுதி இல்லை என்பது உத்தரப் பிரதேச அரசின் வாதம். காப்பன் தம் வழக்கறிஞர்களோடும் உறவினரோடும் தொடர்பில் இருக்கிறார், வேண்டுமானால் அவரே மனுச் செய்யலாம், இடையில் ஒரு சங்கத்திற்கு என்ன வேலை என்று அது கேட்டது. நீதிமன்ற அமர்வும் விசாரணையின் ஒரு கட்டத்தில், ஓர் அமைப்பு இவ்வகை நிவாரணம் கோரி வருவதைப் பற்றி வினா எழுப்பியது. காப்பனின் மனைவியை மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளச் சங்கத் தரப்பு முன்வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நடைமுறை நுணுக்கம் மட்டுமே. ஆனால் இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரம் என்ற உரிமை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாருடைய கையில் இருந்துவந்தது என்ற வரலாறு முழுவதும் அந்த ஆட்சேபத்திற்குள் அடங்கியிருக்கிறது.

இதழியல் துறைகளிலும் சட்டக் கல்லூரிகளிலும் பாடமாக வைக்கப்படும் பத்திரிகைச் சுதந்திர வழக்குகளின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் (1958), சகால் பேப்பர்ஸ் (1961), பென்னட் கோல்மன் (1972), இந்தியன் எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் (1984). இவை அனைத்தும் நிறுவனங்களின் பெயர்கள். 1950இன் ரொமேஷ் தாப்பர் போன்ற தொடக்ககால வழக்குகளில் தனிமனிதர் பெயர் உண்டு; அவரும் இதழை நடத்தியவரே. பக்க எண்ணிக்கைக்கும் விலைக்கும் இடையிலான விகிதம், அச்சுத்தாள் ஒதுக்கீடு, அச்சுத்தாள் மீதான இறக்குமதி வரி என நிறுவனம் அரசோடு கொண்ட பிணக்குகளின் ஊடாகவே அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பத்திரிகைக்கான பொருளைப் பெற்றது. பென்னட் கோல்மன் வழக்கில் பங்குதாரரின் உரிமையும் ஆசிரியரின் உரிமையும் பேசப்பட்டன. செய்தியைக் களத்திலிருந்து கொண்டுவரும் நிருபர் அவ்வழக்குகளில் ஓர் உரிமையாளராகத் தோன்றவே இல்லை.

இவற்றுள் 1958ஆம் ஆண்டு வழக்கு தனிக் கவனத்திற்குரியது. இந்திய உழைக்கும் பத்திரிகையாளர் கூட்டமைப்பு 1950இல் தோன்றியது. நீதிபதி ராஜாத்யட்சா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட முதல் பத்திரிகை ஆணையம் 1954இல் அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டே உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் இயற்றப்பட்டது. நான்கு வாரங்களுக்கு 144 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஆசிரியரை நீக்க ஆறு மாத முன்னறிவிப்பும் ஏனைய பத்திரிகையாளரை நீக்க மூன்று மாத முன்னறிவிப்பும் வேண்டும், பணிக்கொடை உண்டு, தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, ஊதியத்தை நிர்ணயிக்க ஒரு குழு அமையும். எழுத்தைத் தொண்டாகவும் வேள்வியாகவும் மட்டுமே புகழ்ந்துவந்த ஒரு துறையில், எழுதுபவர் ஊதியத்திற்கு உழைக்கும் ஒரு தொழிலாளி என்று சட்டம் முதன்முறையாக ஒப்புக்கொண்டது.

திவாட்டியா தலைமையிலான முதல் ஊதியக் குழு தன் முடிவை அறிவித்ததும் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. அவை முன்வைத்த வாதங்களுள் முதன்மையானது பத்திரிகைச் சுதந்திரம். கூடுதல் ஊதியச் சுமையால் பத்திரிகைகள் மூடப்படும். ஆகவே இச்சட்டம் கருத்துரிமையைப் பறிக்கிறது என்றன. அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பணி நிலைமைகளை ஒழுங்குபடுத்தும் பொதுவான தொழிலாளர் சட்டங்களிலிருந்து பத்திரிகைத் தொழிலுக்கு மட்டும் விலக்கு இல்லை என்றது. எனினும், நிறுவனங்களின் கொடுக்கும் சக்தியைக் குழு கருத்தில் கொள்ளவில்லை என்ற காரணத்தால் ஊதியக் குழுவின் முடிவை ரத்து செய்தது. சட்டம் பிழைத்தது, ஊதியம் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் நாடாளுமன்றம் மற்றொரு சட்டம் இயற்றி ஊதிய நிர்ணயத்தை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

அவ்வழக்கில் பத்திரிகைச் சுதந்திரமும் பத்திரிகையாளரின் ஊதியமும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்பட்டன. முன்னது முதலாளியின் முழக்கம், பின்னது தொழிலாளியின் கோரிக்கை என்ற பிரிவினை அங்கே நிலைபெற்றது. 2011 நவம்பர் 11இல் மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரைகள் அறிவிக்கையான பிறகும் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றன. 2014 பிப்ரவரி 7இல் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு பரிந்துரைகள் செல்லும் என்றது. அதன் பிறகும் நிலுவை வந்து சேரவில்லை. அவமதிப்பு வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2017 ஜூன் 19ஆம் தேதித் தீர்ப்பு, ஒப்பந்தப் பணியாளருக்கும் இப்பரிந்துரை பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. ஆனால் வேண்டுமென்றே செய்த அவமதிப்பு எதுவும் இல்லை என்று கூறி, பணம் வரவேண்டியவர்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் உரிய அதிகாரியை நாட வேண்டும் என்று அனுப்பிவைத்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் வென்றவர்கள் மீண்டும் தொழிலாளர் துறை அலுவலகத்தின் வரிசையில் நின்றார்கள்.

இந்த வரலாறு தொழிற்சங்கங்களின் மனப்போக்கையும் வடிவமைத்தது. பாலேகர், பச்சாவத், மணிசானா, மஜீதியா என்று ஊதியக் குழுக்களின் பெயர்களாலேயே சங்கங்கள் தம் காலத்தைக் கணக்கிட்டன. நிரந்தரப் பணியில் இருந்தவர்களுக்கு அந்தப் போராட்டங்கள் பெற்றுத்தந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமன்று. ஆயினும் சங்கம் என்பது சம்பளப் பட்டியலில் இருப்பவருக்குரியது என்ற எண்ணமும் அவற்றோடு சேர்ந்தே வேரூன்றியது. தாராளமயத்திற்குப் பின் நிறுவனங்கள் ஒப்பந்த முறைக்கு மாறியபோது, ஊதியக் குழுவின் வரம்பிலிருந்து வெளியேறிய இளம் பத்திரிகையாளர்கள் சங்கத்தின் வரம்பிலிருந்தும் வெளியேறினார்கள். சங்கக் கூட்டங்களில் நரைத்த தலைகளே மிகுதியாயின. பல நகரங்களில் சங்க அலுவலகம் மங்க, பிரஸ் கிளப் மட்டும் எஞ்சியது. பிரஸ் கிளப் கூடிப் பேசும் இடம். செய்தியாளர் சந்திப்புக்கான அரங்கம். உறுப்பினருக்காக வழக்காடும் கடமை அதற்கு இல்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் 2020இல் கேரளச் சங்கம் செய்த செயலின் புதுமை விளங்கும். பத்திரிகைச் சுதந்திரத்தை ஒரு தொழிற்சங்கம் தன் உறுப்பினரின் பணியுரிமையாகக் கையில் எடுத்தது. செய்தி சேகரிக்கச் செல்வது அவருடைய தொழில்; தொழில் செய்யப் போன இடத்தில் அவர் பிடிக்கப்பட்டார்; ஆகவே அவருக்காகப் பேசுவது சங்கத்தின் வேலை. இவ்வளவு எளிய தர்க்கம் அது. 1958இல் எதிரெதிராக வைக்கப்பட்ட இரண்டையும் இத்தர்க்கம் ஒரே தட்டில் கொண்டுவந்து சேர்த்தது.

இங்கே கிளை என்ற அமைப்பின் பங்கைத் தனியே கவனிக்க வேண்டும். காப்பன் உண்மையில் பத்திரிகையாளர் அல்லர், பத்திரிகையாளர் என்ற போர்வையில் சென்றவர் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஒருவர் பத்திரிகையாளரா இல்லையா என்பதை யார் சான்றளிப்பது? அரசு வழங்கும் அங்கீகார அட்டை, குறிப்பிட்ட தகுதிகளைக் கொண்ட நிறுவனங்களின் செய்தியாளருக்கே எளிதில் கிட்டும். பெரிய நிறுவனத்தின் அடையாள அட்டை, பெரிய நிறுவனத்தில் இருப்பவரிடம் மட்டுமே இருக்கும். சிறிய இணையத்தளம் ஒன்றிற்காகத் தன் மாநிலத்திலிருந்து வெகுதொலைவில் இருந்து எழுதும் ஒருவரிடம் இவற்றின் வலிமை இராது. அவரை அன்றாடம் அறிந்தவர்கள் அதே நகரத்தில் அதே தொழில் செய்யும் சகாக்களே. அவர்களே அவரைக் கிளைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தவர்கள். உறுப்பினர் பதிவேடு, சந்தா ரசீது, கூட்டக் குறிப்பு ஆகிய சாதாரணக் காகிதங்கள், ஒரு மனிதரின் தொழில் அடையாளமே மறுக்கப்படும் நாளில் சாட்சியமாகின்றன. சந்தா வசூலிக்கும் சலிப்பான வேலையின் பயன் என்றாவது ஒரு நாள் இவ்வாறு தெரியவருகிறது.

சங்கம் கேட்டது என்ன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவரைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கும்படி அது கேட்கவில்லை. அவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும் என்றது. வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதி வேண்டும் என்றது. 2020 நவம்பரில்தான் அந்தச் சந்திப்புக்கு ஆட்சேபம் இல்லை என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் கூறியது. 2021 பிப்ரவரியில் நோயுற்ற தாயைக் காண ஐந்து நாள் இடைக்காலப் பிணை கிடைத்தது. அந்த ஏப்ரலில் சிறையில் இருந்த அவருக்குக் கொரோனா தொற்றியது. மருத்துவமனைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறார் என்று குடும்பத்தார் முறையிட்டனர், அரசு மறுத்தது. ஏப்ரல் 28ஆம் நாள் தலைமை நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான அமர்வு, சிகிச்சைக்காக அவரைத் தில்லி மருத்துவமனை ஒன்றிற்கு மாற்ற ஆணையிட்டது. விசாரணைக் கைதிக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு என்பதை உறுதிசெய்தது. பிணைக்கு உரிய நீதிமன்றத்தை அணுகலாம் என்று கூறி அம்மனு முடித்துவைக்கப்பட்டது.

எனவே சங்கத்தின் மனு அவருக்கு விடுதலையைப் பெற்றுத்தரவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது 2022 செப்டம்பர் 9இல். அமலாக்கத் துறை தொடுத்த மற்றொரு வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது அவ்வாண்டு டிசம்பரில். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 2023 பிப்ரவரி 2ஆம் நாள். ஏறத்தாழ இருபத்தெட்டு மாதங்கள் கழிந்திருந்தன. இடையில் தாயார் இறந்துபோனார். சங்கத்தால் தடுக்க முடியாதவை இவை. ஆனால் சங்கம் இல்லாதிருந்தால் இந்த வழக்கு மலப்புறத்தில் ஒரு குடும்பத்தின் தனித்துயராக ஒடுங்கியிருக்கும். வழக்கறிஞர் சந்திப்பு, மருத்துவமனை மாற்றம் ஆகிய சிறு வாசல்கள் ஒவ்வொன்றும், ஓர் அமைப்பு தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்ததால் திறந்தவை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உறுப்பினர் என்பதற்காகவே ஒருவரைத் தாங்கிப்பிடிக்கும் சங்கம், நாளை உண்மையான குற்றத்திற்கும் கவசமாகாதா? செய்தியாளர் என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அவர்களில் சிலர் ஏதேனும் ஒரு சங்கத்தின் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பதும் உண்டு. இந்த ஐயம் நியாயமானது. விடை, கேட்கப்படும் நிவாரணத்தின் தன்மையில் இருக்கிறது. வழக்கறிஞரும் மருத்துவமும் முறையான விசாரணையும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரியவை. அவற்றை உறுப்பினருக்காகக் கோரும் சங்கம் சட்டத்தின் பக்கமே நிற்கிறது. குற்றத்தை மறைக்கவோ விசாரணையை நிறுத்தவோ கோரும் சங்கம் வேறு. போலிகளைக் களைவதும் கிளையால்தான் இயலும். ஊரில் யார் எழுதுகிறார், யார் வசூலிக்கிறார் என்பது மாநிலத் தலைமைக்குத் தெரிவதற்கு முன் கிளைக்குத் தெரியும்.

காப்பன் வழக்கு தனித்த நிகழ்வாக நின்றுவிடவில்லை. 2022 ஜனவரி 31இல் மீடியாஒன் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, கேரள உயர் நீதிமன்றத்தை அணுகியவர்களில் நிறுவனத்தோடு கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கமும் இருந்தது. ஒரு சேனல் இருட்டடிக்கப்படும்போது உரிமையாளரின் உரிமம் மட்டும் பறிபோவதில்லை. அங்கே பணிபுரியும் செய்தியாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் எல்லோருடைய பிழைப்பும் பேச்சும் ஒருங்கே பறிபோகின்றன. 2023 ஏப்ரல் 5இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மூடி முத்திரையிட்ட உறையில் காரணங்களைத் தரும் வழக்கத்தைக் கடுமையாக விமர்சித்தது. 1958இல் பத்திரிகைச் சுதந்திரத்தின் பெயரால் தொழிலாளிக்கு எதிராக நின்ற நிறுவனமும், தொழிலாளியின் சங்கமும், இவ்வழக்கில் ஒரே பக்கம் நின்றன.

ஆனால் எல்லாப் பத்திரிகையாளருக்கும் இப்படி ஒரு சங்கம் வாய்ப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவாக ரொட்டியும் உப்பும் தரப்பட்டதை 2019இல் படம்பிடித்து வெளிப்படுத்திய பவன் ஜெய்ஸ்வால் மீதே வழக்குப் பதிவானது. 2022இல் அவர் புற்றுநோயால் இறந்தார். சிகிச்சைக்குப் பொதுவெளியில் உதவி கேட்க வேண்டிய நிலையில் இறந்தார். பஸ்தரில் சாலைப் பணி ஊழல் குறித்துச் செய்தி வெளியிட்ட முகேஷ் சந்திரகரின் உடல் 2025 ஜனவரி 3இல் ஒப்பந்ததாரர் ஒருவரின் வளாகத்திலிருந்த கழிவுநீர்த் தொட்டியில் கண்டெடுக்கப்பட்டது. 2021இல் மாவோயிஸ்டுகள் பிடியிலிருந்த துணை ராணுவ வீரர் ஒருவரை மீட்டுவரச் சென்ற பத்திரிகையாளர்களில் அவரும் ஒருவர். அவர் எந்த நிறுவனத்தின் நிரந்தரப் பணியிலும் இருக்கவில்லை. ஆபத்து சிற்றூர்களிலும் வட்டத் தலைநகரங்களிலும் இருக்கிறது. சங்கத்தின் அலுவலகம் மாநிலத் தலைநகரில் இருக்கிறது.

இந்த இடைவெளிக்குச் சட்டமும் ஒரு காரணம். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப்படி, உழைக்கும் பத்திரிகையாளர் என்பவருக்கு இதழியலே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். அவர் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ பணியமர்த்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை பெறும் ஊரகச் செய்தியாளர் அதைக் கொண்டு மட்டும் வாழ முடியாது. ஆகவே கடை வைக்கிறார், பயிர் செய்கிறார், முகவராக இருக்கிறார். அதனாலேயே இதழியல் அவருடைய முதன்மைத் தொழில் அன்று என்றாகிறது. வறுமையால் தேடிக்கொண்ட இரண்டாம் வேலை, முதல் வேலையின் உரிமையைப் பறித்துவிடுகிறது. சட்டத்தின் இந்த வரையறையையே தம் உறுப்பினர் விதியாகவும் சங்கங்கள் வைத்துக்கொள்ளும் இடங்களில், மிகவும் பாதுகாப்பு வேண்டுபவரே வாசலில் நிறுத்தப்படுகிறார்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அவற்றுள் கரைந்துவிட்டது. மின்னணு ஊடகத்தினரும் வரையறைக்குள் வந்திருப்பது நீண்டகாலக் கோரிக்கையின் நிறைவேற்றம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊதியக் குழு என்ற தனி அமைப்பு போய்விட்டது. குறிப்பிட்ட கால ஒப்பந்தப் பணிக்குச் சட்ட ஏற்பு கிடைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், 51 விழுக்காட்டுத் தொழிலாளரைக் கொண்ட சங்கமே தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தத் தகுதியுடையது. அப்படி ஒன்று இல்லையெனில் பல சங்கங்களின் பேச்சுவார்த்தைக் குழு அமையும். கேரளச் சங்கம் போன்றவை ஒரு நிறுவனத்தைச் சார்ந்தவை அல்ல, ஒரு தொழிலைச் சார்ந்தவை. நிறுவனத்திற்கு நால்வர் ஐவர் என்று நாற்பது இடங்களில் உறுப்பினரைக் கொண்ட சங்கம், எந்த ஓர் இடத்திலும் பெரும்பான்மை காட்ட இயலாமல் போகும் வாய்ப்பே மிகுதி. நீதிமன்றத்தில் எழுந்த ‘உனக்கு இங்கே என்ன வேலை’ என்ற அதே கேள்வி இனிப் பேச்சுவார்த்தை மேசையிலும் எழும்.

இதற்கு விடை தேட வேண்டிய பொறுப்பு முதலில் சங்கங்களுடையது. பகுதிநேரச் செய்தியாளர், தனித்தியங்கும் செய்தியாளர், இணையத்தளத்தினர், சொந்த யூடியூப் சேனல் நடத்தும் ஊரகச் செய்தியாளர் ஆகியோருக்கு உறுப்பினர் பதிவேடு திறக்கப்பட வேண்டும். நியமன ஆணையைக் கேட்பதற்குப் பதிலாக, தொடர்ந்து வெளியான செய்திகளை உறுப்பினர் தகுதிக்குச் சான்றாகக் கொள்ளலாம். மாவட்டக் கிளையோடு நின்றுவிடாமல் வட்ட அளவிலும் கிளைகள் அமைய வேண்டும். சட்ட உதவி நிதி ஒன்று ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். கைது நிகழ்ந்த பிறகு உண்டியல் குலுக்கினால் முதல் நாட்கள் வீணாகிவிடும். அந்த முதல் நாட்களில்தான் வழக்கின் போக்கு பெரும்பாலும் தீர்மானமாகிறது.

கல்விப்புலத்திற்கும் இதில் பங்கு உண்டு. இதழியல் மாணவர் பென்னட் கோல்மன் வழக்கை மனப்பாடமாகச் சொல்கிறார். தம் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு இருந்ததையோ, தாம் ஒரு சங்கத்தில் சேர முடியும் என்பதையோ அறியாமல் பணியில் சேர்கிறார். ஊடகச் சட்டப் பாடத்திட்டங்களில் நிறுவனங்களின் வழக்குகளோடு சங்கங்களின் வழக்குகளும் இடம்பெற வேண்டும். சங்கக் கிளைகளின் கூட்டக் குறிப்புகள், துண்டறிக்கைகள், மனுக்கள் ஆகியவை பழைய இரும்பு அலமாரிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. இந்திய இதழியலின் வரலாறு இதுவரை ஆசிரியர்களின் வாழ்க்கை வரலாறாகவும் நிறுவனங்களின் பொன்விழா மலர்களாகவுமே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. நிருபரின் வரலாற்றை எழுத விரும்பும் ஆய்வாளர் முதலில் திறக்க வேண்டியவை அந்த அலமாரிகள்.

2021 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணையின் தலைப்பில் ‘கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம்’ என்று இருக்கிறது. எக்ஸ்பிரஸ், சகால், பென்னட் கோல்மன் என்ற வரிசையில் ஒரு தொழிற்சங்கத்தின் பெயரும் சட்ட அறிக்கைகளில் ஏறிவிட்டது. அந்தப் பெயரை அங்கே கொண்டுசேர்த்தவர்கள், சகா ஒருவர் பிடிக்கப்பட்ட மறுநாளே மனுவோடு போய் நின்ற சில செய்தியாளர்கள். மிர்சாபூரிலும் பிஜாப்பூரிலும் அடுத்த கைதோ தாக்குதலோ நிகழும் மறுநாள், அவ்வாறு போய் நிற்க ஒரு கிளை இருக்குமா என்பதே இப்போது பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.